காணிக்கைப் பெட்டியும் வாக்குப் பெட்டியும்: அமெரிக்கத் திருச்சபைகளின் வரி விலக்கு

1992 அக்டோபர் 30. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் நான்கே நாள். யுஎஸ்ஏ டுடே, வாஷிங்டன் டைம்ஸ் ஆகிய இரு நாளிதழ்களிலும் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. கிறிஸ்தவர்களே, எச்சரிக்கை என்பது தலைப்பு. கருக்கலைப்பு, தன்பாலுறவு, பதின்வயதினருக்கு ஆணுறை வழங்குவது ஆகியவற்றில் பில் கிளின்டன் வேதாகமத்துக்கு எதிராக நிற்கிறார் என்று அடுக்கிவிட்டு, இப்படிப்பட்டவருக்கு எப்படி வாக்களிப்பது என்று அந்த விளம்பரம் கேட்டது. அதைக் கொடுத்தது நியூயார்க் மாநிலம் பிங்காம்டன் பகுதியில் இருந்த பியர்ஸ் கிரீக் சபை. அடியில் இன்னொரு வரியும் இருந்தது. இந்த விளம்பரச் செலவுக்கான நன்கொடைகள் மகிழ்ச்சியுடன் ஏற்கப்படும், அவற்றுக்கு வரிக்கழிவு உண்டு என்றது அது.

என்னைக் கேட்டால், திருச்சபை, அரசியல், வரி என்று அமெரிக்கா எழுபது ஆண்டுகளாக நடத்திவரும் சண்டை முழுக்க அந்தக் கடைசி வரிக்குள் அடங்கிவிடுகிறது. அன்று அந்நாட்டின் உச்ச வருமான வரி விகிதம் 31 விழுக்காடு. அந்த வரம்பில் உள்ள ஒருவர் கிளின்டனைத் தோற்கடிக்க நேரடியாக 1,000 டாலர் செலவழித்தால் அது முழுக்க அவர் கைக்காசு. அதே தொகையைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் 310 டாலர் வரி மிச்சம். அந்த 310 டாலர் அரசுக் கஜானாவுக்குச் சேரவேண்டியது. அந்தக் கஜானாவை நிரப்பியவர்களில் கிளின்டனின் ஆதரவாளர்களும் உண்டு.

அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். விசாரணையைத் தொடங்கி, 1995-ல் அந்தச் சபையின் வரிவிலக்குச் சான்றை ரத்து செய்தது. தேர்தலில் தலையிட்டதற்காக ஓர் உண்மையான திருச்சபை சான்றை இழந்தது அதுவே முதல் முறை. சபை வழக்குப் போட்டது. 2000-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐ.ஆர்.எஸ். பக்கமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எல்லோரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. சான்று ரத்தானதால் சபைக்கு ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் அடையாள அளவிலானதுதான் என்று நீதிபதிகளே எழுதினார்கள். திருச்சபைகள் வரிவிலக்குப் பெற விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. இனித் தேர்தலில் தலையிடமாட்டோம் என்றிருந்தால், மறுநாளே தங்களை வரிவிலக்குப் பெற்ற சபை என்று மீண்டும் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு திருச்சபைக்குக் கிடைத்த உச்சபட்ச தண்டனையின் கனம் அவ்வளவுதான்.

வரிவிலக்கு என்று ஒற்றைச் சொல்லில் பேசினாலும், அதற்குள் வெவ்வேறு சலுகைகள் இருக்கின்றன. சபையின் வருமானத்துக்கு வரி இல்லை என்பது ஒன்று. 1894-ல் வந்த வருமான வரிச் சட்டத்திலேயே இது இருந்தது. அந்தச் சட்டத்தை மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. 1913-ல் வருமான வரி திரும்பி வந்தபோது விலக்கும் கூடவே வந்தது. கொடுப்பவருக்குக் கிடைக்கும் கழிவு அடுத்தது. முதல் உலகப்போருக்காக வரியை ஏற்றிய 1917-ல், பணக்காரர்கள் தருமத்தை நிறுத்திவிடக் கூடாதே என்று சேர்க்கப்பட்டது அது. பழமையானதும் உள்ளூர் மக்களின் கண்ணில் படுவதும் சொத்து வரி விலக்கு. மாநிலங்களும் நகராட்சிகளும் கொடுப்பது. போதகர்களின் வீட்டுப்படிக்கு வரி கிடையாது என்பது போன்ற சில்லறைச் சலுகைகள் தனி.

சொத்து வரி விலக்கு பற்றிய முணுமுணுப்பு புதிதல்ல. 1875 டிசம்பரில் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், வரி கட்டாத திருச்சபைச் சொத்தின் மதிப்பு 1850-ல் ஏறத்தாழ 8.3 கோடி டாலராக இருந்தது, இப்போது 100 கோடி, இப்படியே விட்டால் 1900-க்குள் 300 கோடியைத் தாண்டும் என்று கணக்குச் சொல்லி, கல்லறை நிலங்களும் ஓரளவுக்கு ஆலயக் கட்டடங்களும் நீங்கலாக எல்லாவற்றுக்கும் வரி போடச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நூறாண்டு கழித்து ஸ்டேட்டன் தீவில் துண்டு நிலம் வைத்திருந்த வால்ஸ் என்பவர், ஆலயங்கள் கட்டாத வரியை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970-ல் தோற்றார். அரசு ஆலயத்துக்குப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை, வாங்காமல் இருக்கிறது, அவ்வளவே. வரி போட ஆரம்பித்தால்தான் மதிப்பீடு, ஜப்தி, வழக்கு என்று அரசும் மதமும் சிக்கிக்கொள்ளும் என்றார் தலைமை நீதிபதி வாரன் பர்கர். மறுப்புத் தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி வில்லியம் டக்ளஸ். விலக்கு என்பது மானியமேதான் என்றார் அவர்.

வேடிக்கை என்னவென்றால், 1983 மே 23 அன்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், வரிவிலக்கும் நன்கொடைக் கழிவும் வரி அமைப்பின் வழியாகக் கொடுக்கப்படும் மானியத்தின் ஒரு வகை என்று ஒருமனதாகச் சொன்னது. அது ஒரு திருச்சபை பற்றிய வழக்கல்ல. சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டும் ஓர் அமைப்பைப் பற்றியது. மறுநாளே, மே 24 அன்று, பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத் தீர்ப்பு வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் காதலிக்கவோ மணக்கவோ கூடாது என்று மத நம்பிக்கையின் பேரில் விதி வைத்திருந்த கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் அது. பொதுக் கொள்கைக்கு விரோதமாக நடக்கும் நிறுவனத்துக்கு வரிவிலக்கு உரிமை இல்லை என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. எழுதியவர் அதே பர்கர். ஆக, விலக்கு என்பது அரசு ஒதுங்கி நிற்பதா, அரசு கொடுப்பதா என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு விடைகளும் உண்டு. தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, வேட்பாளர் பேச்சு கூடாது என்ற தடை எங்கிருந்து வந்தது? மதத்தையும் அரசையும் பிரிக்கும் சுவராக ஜெஃபர்சன், மேடிசன் காலத்திலேயே எழுப்பப்பட்டது போலப் பலர் பேசுகிறார்கள். அதன் பிறப்பு அவ்வளவு கம்பீரமானதல்ல. 1954-ல் டெக்ஸஸ் செனட்டர் லிண்டன் ஜான்சன் மறுதேர்தலுக்கு நின்றார். கட்சிக்குள்ளேயே டட்லி டவர்ட்டி என்ற இளம் பண்ணையார் அவரை எதிர்த்துக் களமிறங்கினார். அது செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி வேட்டையாடிய காலம். எண்ணெய்ச் செல்வந்தர் ஹெச்.எல். ஹன்ட் பணம் போட்டு நடத்திய ஃபேக்ட்ஸ் ஃபோரம் போன்ற கம்யூனிச எதிர்ப்பு அமைப்புகள், கல்வி நிறுவனம் என்ற பெயரில் வரிவிலக்கை வைத்துக்கொண்டு டவர்ட்டிக்குச் சாதகமான பிரசுரங்களைப் பரப்பின. ஜான்சனுக்குக் கோபம். அப்போது நாட்டின் வரிச் சட்டம் முழுவதும் திருத்தி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 2 அன்று செனட் அவையில் எழுந்து, 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெறும் நிறுவனங்கள் எந்த வேட்பாளரின் பிரசாரத்திலும் பங்கேற்கவோ தலையிடவோ கூடாது என்று ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். விசாரணைக் குழு இல்லை, விவாதம் இல்லை, எதிர்ப்பும் இல்லை. சில நிமிடங்களில் சேர்ந்துவிட்டது. ஆகஸ்டில் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார்.

திருச்சபைகள் அன்று யார் மனதிலும் இருந்ததாகத் தெரியவில்லை. மருத்துவமனை, கல்லூரி, அனாதை இல்லம், அருங்காட்சியகம் எல்லாம் வரும் அதே பிரிவில் ஆலயங்களும் இருந்ததால் அவையும் உள்ளே வந்தன. டவர்ட்டியை ஜான்சன் எளிதாக வென்றார். அதற்கு இந்தத் திருத்தம் தேவையே பட்டிருக்காது.

இது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதில் அமெரிக்கர்களுக்கே குழப்பம் அதிகம். போதகர் அரசியல் பேசக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கருக்கலைப்பு, போர், குடியேற்றம், வறுமை, நிறவெறி எதைப் பற்றியும் பிரசங்க பீடத்திலிருந்து முழங்கலாம். வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்து மேடை ஏற்றலாம். போதகர் தனி மனிதராக, சபையின் பெயரையும் பணத்தையும் இழுக்காமல், தனக்குப் பிடித்தவருக்கு ஆதரவு தெரிவிக்கலாம். சபையாக நின்று இவருக்குப் போடுங்கள், அவருக்குப் போடாதீர்கள் என்பது மட்டும்தான் கூடாது. எதிர்த்துப் பேசுவதும் இதில் அடங்கும் என்பதை 1987-ல் வெளிப்படையாகச் சேர்த்தார்கள்.

காகிதத்தில் கோடு தெளிவு. ஆராதனையில் அல்ல. 2004 அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில் ஓய்வுபெற்ற போதகர் ஜார்ஜ் ரீகஸ் ஒரு பிரசங்கம் செய்தார். இயேசு வந்து புஷ், கெர்ரி இருவரோடும் விவாதித்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் அவர் கற்பனையில் இயேசு, ஈராக் போருக்காகப் புஷ்ஷை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஐ.ஆர்.எஸ். கடிதம் அனுப்பியது, பிறகு ஆவணங்கள் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. சபை பணியவில்லை. 2007-ல், அந்தப் பிரசங்கம் தேர்தல் தலையீடுதான், ஆனால் விலக்கை ரத்து செய்யப்போவதில்லை என்று எழுதி ஐ.ஆர்.எஸ். கோப்பை மூடியது. இது இடதுசாரி மனப்போக்குள்ள ஆலயம் என்பதைக் கவனிக்க வேண்டும். வரி அதிகாரி ஒருவர் பிரசங்கத்தை வரி வரியாகப் படித்து, இயேசு எந்தக் கட்சிக்குச் சாய்ந்தார் என்று முடிவு செய்வது அருவருப்பான காட்சி. இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான்.

அதிகாரிகளும் அந்த வேலையை விரும்பவில்லை. விரும்பினாலும் முடியாதபடி 1984-ல் நாடாளுமன்றம் தனி விதிகள் போட்டது. ஒரு திருச்சபையை வரி விசாரணைக்கு உட்படுத்த வேண்டுமானால், உயர் நிலை அதிகாரி ஒருவர் நியாயமான சந்தேகத்தை எழுத்தில் பதிய வேண்டும். மண்டல ஆணையர் அல்லது அதற்கு மேலான பதவி என்று வரையறுத்தார்கள். 1998-ல் ஐ.ஆர்.எஸ். மறுசீரமைக்கப்பட்டபோது மண்டல ஆணையர் பதவியே ஒழிந்தது. அதற்குப் பதில் யார் என்று சட்டத்தில் யாரும் எழுதவில்லை. வேறொரு இயக்குநர் கையெழுத்தோடு மினசோட்டாவில் ஒரு சபையை விசாரிக்கப் போனபோது, இந்தப் பதவி போதாது என்று 2009-ல் கூட்டாட்சி நீதிமன்றம் விரட்டிவிட்டது. கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஒரு சட்டம் படுத்துக்கொண்ட கதை நம் அரசு அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

இதற்குள் மறுபக்கம் துணிந்துவிட்டது. 2008 செப்டம்பரில், கிறிஸ்தவ வலதுசாரி வழக்கறிஞர் அமைப்பான அலையன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட், பிரசங்க பீட சுதந்திர ஞாயிறு என்று ஒரு நாளை அறிவித்தது. 33 போதகர்கள் வேண்டுமென்றே வேட்பாளர்களின் பெயரைச் சொல்லிப் பிரசங்கித்தார்கள். சட்டத்தை மீறிவிட்டோம், வழக்குப் போடுங்கள் என்று ஐ.ஆர்.எஸ்.ஸுக்கே தெரிவித்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோக ஒரு வழக்கு வேண்டும் என்பதே நோக்கம். பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஐ.ஆர்.எஸ். தூண்டிலைக் கடிக்கவேயில்லை.

கறுப்பினத் திருச்சபைகளின் கதை வேறு. வாக்குரிமையே ஆலயத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலங்களால் கிடைத்த சமூகத்தில், ஞாயிறு ஆராதனைக்கு வேட்பாளர் வருவதும் போதகர் அவர் தோளில் கை போடுவதும் பல தலைமுறை வழக்கம். 2000-ல் நியூயார்க் குவீன்ஸில் பெரும் சபை ஒன்றின் போதகரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான ஃபிளாய்ட் ஃபிளேக், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அல் கோருக்குப் பீடத்திலிருந்தே ஆதரவு தெரிவித்தார், ஐ.ஆர்.எஸ். தலையிட்டது, விலக்கு போகவில்லை. ஆகவே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஜான்சன் திருத்தத்தைப் புனிதச் சுவராகப் பேசும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

2017 பிப்ரவரியில் தேசியப் பிரார்த்தனைக் காலை உணவுக் கூட்டத்தில், ஜான்சன் திருத்தத்தை முற்றாக அழிப்பேன் என்றார் டிரம்ப். மே மாதம் ஒரு நிர்வாக ஆணை போட்டார். பெரிதாக எதுவும் மாறவில்லை. அந்த ஆண்டின் வரிச் சட்டத்தில் பிரதிநிதிகள் அவை இந்தத் தடையைத் தளர்த்தியது. ஆனால் வரவு செலவுக்குச் சம்பந்தமில்லாதவற்றை இந்த வகை மசோதாவில் நுழைக்கக் கூடாது என்ற செனட் விதியால் அது வெளியேறியது. பிறகு வழி மாறியது. 2024-ல் தேசிய மத ஒலிபரப்பாளர்கள் சங்கமும் டெக்ஸஸின் இரு சபைகளும் ஐ.ஆர்.எஸ். மீது டெக்ஸஸில் வழக்குப் போட்டிருந்தன. 2025 ஜூலை 7 அன்று வழக்குப் போட்டவர்களும் போடப்பட்டவரும் கைகோத்து ஒரே மனுவைத் தாக்கல் செய்தார்கள். ஒரு வழிபாட்டுத் தலம், ஆராதனையை ஒட்டி, தன் வழக்கமான வழிகளில், தன் சபையாரிடம் நம்பிக்கையின் கண்ணோட்டத்தில் தேர்தல் பற்றிப் பேசுவது, குடும்பத்துக்குள் வேட்பாளர்களைப் பற்றிப் பேசிக்கொள்வது போன்றது. அது சட்டம் சொல்லும் தலையீடு அல்ல என்று அந்த மனுவில் ஐ.ஆர்.எஸ். ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றம் எழுபது ஆண்டுகளாக மாற்ற மறுத்த சட்டத்துக்கு, எதிரெதிர்த் தரப்புகள் ஒத்துப்போவதன் மூலம் புதுப் பொருள் தேடும் முயற்சி இது. நீதிமன்றம் என்ன செய்தாலும், துறை தன் மனதைத் திறந்து சொல்லிவிட்டது.

குடும்பம் என்ற ஒப்பீடு அறுபது பேர் கூடும் கிராமத்துச் சபைக்குப் பொருந்தலாம். வாரந்தோறும் பல்லாயிரம் பேர் கூடும் மாபெரும் சபைகளுக்கு, ஆராதனையை யூடியூபிலும் தொலைக்காட்சியிலும் நேரலையாகக் காட்டுவதுதான் வழக்கமான வழி. வழக்குத் தொடுத்தவர்களே ஒலிபரப்பாளர்கள்! அந்தக் குடும்பத்தின் எல்லை எங்கே முடியும் என்று மனு சொல்லவில்லை.

பேச்சைவிட எனக்குக் கவலை தருவது பணம். இந்த மனு பேச்சைப் பற்றியது மட்டுமே. விளம்பரச் செலவுக்கு அனுமதி தரவில்லை. ஆனால் மேடை, ஒலிபெருக்கி, காமிரா, அவற்றை இயக்கும் ஊழியர் எல்லாமே காணிக்கைப் பணம். 2024 தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு, 3,300 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. 200 டாலரைத் தாண்டினால் பெயர் பொதுவெளிக்கு வரும். வரிக்கழிவு கிடையாது. அதே ஆள் சபைக்குக் கொடுக்கும்போது வரம்பு இல்லை, பெயர் வெளிவராது, கழிவு உண்டு. மற்ற அறக்கட்டளைகளாவது ஆண்டுதோறும் படிவம் 990-ஐத் தாக்கல் செய்து வரவு செலவையும் உயர் ஊழியர்களின் சம்பளத்தையும் ஊரறியக் காட்ட வேண்டும். திருச்சபைகளுக்கு அதுவும் இல்லை.

கழிவு யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவுக் கணக்குக் காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவை 2017 வரிச் சட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாக்கிய பிறகு, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிவு கேட்பவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். வாராவாரம் தட்டில் இருபது டாலர் போடும் தாதிக்கோ லாரி ஓட்டுநருக்கோ அந்தச் சட்டத்துக்குப் பிறகு காணிக்கையால் வரி மிச்சம் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்காக 2026 முதல் தனி ஆளுக்கு 1,000 டாலர் வரை சிறு கழிவு வந்திருக்கிறது. பெரிய மிச்சம் பெரிய கைகளுக்கே. வேட்பாளரை ஆதரிக்கும் உரிமை சபைக்கு வந்தால், சபையின் காதருகே நிற்கப்போவதும் அந்தக் கைகள்தான்.

சட்டத்தில் சபை என்று இருந்தாலும் இந்துக் கோயில், மசூதி, குருத்வாரா எல்லாம் அதில் அடக்கம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலும் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும் இதே விதிக்குள் வருபவை. தீபாவளிக்கு நகர மேயரோ நாடாளுமன்ற உறுப்பினரோ வந்து மாலை வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொல்வதில் சிக்கல் இல்லை. தேர்தல் நேரத்தில் நிர்வாகக் குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து இவருக்கே நம் வாக்கு என்பதுதான் விதி தடுப்பது. புது விளக்கம் நிலைத்தால் அர்ச்சனைக்கும் பிரசாதத்துக்கும் நடுவே அதுவும் நடக்கலாம். இதுவரை பெரும்பாலும் மருத்துவர்களும் கணினிப் பொறியாளர்களும் சேர்ந்து நடத்திய நிர்வாகக் குழுத் தேர்தல்களுக்கு அப்போது வேறொரு சூடு வரும்.

இருக்கும் சட்டத்தைவிட நேரான வழி ஒன்று எனக்குத் தோன்றுகிறது. வேட்பாளர் பெயரைச் சொல்ல விரும்பும் சபை சொல்லட்டும். அந்த ஆண்டு அதன் காணிக்கைக்கு வரிக்கழிவு இல்லை, கணக்கையும் படிவம் 990-ல் திறந்து காட்ட வேண்டும் என்று வைக்கலாம். சபையின் வருமானத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போட வேண்டியதில்லை. பிரசங்கத்தை யாரும் படித்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பியர்ஸ் கிரீக் வழக்கின் நீதிபதிகளும் இதற்குப் பக்கத்தில்தான் வந்தார்கள். சபை தன்னோடு தொடர்புடைய தனி அமைப்பு ஒன்றைக் கழிவில்லாத 501(சி)(4) பிரிவில் தொடங்கலாம்; அதன் கீழ் அரசியல் நிதிக்குழு வைத்துக்கொண்டு தாராளமாகத் தேர்தல் வேலை செய்யலாம் என்று அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. இருந்தும், வாய்ப்பூட்டு வாய்ப்பூட்டு என்று கூவுபவர்கள் கழிவில்லாத அந்தக் கதவைக் காட்டினால் அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை.

போதகர்களிலேயே பலருக்கு இந்தப் புதுச் சுதந்திரம் வேண்டாம். ஐ.ஆர்.எஸ். மனு வெளியானதும், வேட்பாளர்களை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை என்ற தங்கள் நிலை மாறாது என்று கத்தோலிக்க ஆயர்கள் பேரவை அறிவித்தது. 2022-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்றார்கள். பாதிப்பேர் இந்தக் கட்சி, பாதிப்பேர் அந்தக் கட்சி என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சபையில், ஒரு பெயரைச் சொன்ன அடுத்த ஞாயிறு எத்தனை பெஞ்சு காலியாகும் என்று போதகருக்குத் தெரியும். இதுவரை உள்ளூர் வேட்பாளரோ, கூரையை மாற்றப் பணம் கொடுத்த செல்வந்தரோ வந்து நம்மாளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் பாஸ்டர் என்று கேட்டால், சொல்ல ஆசைதான், ஆனால் சட்டம் விடாதே என்று கையை விரித்துவிடலாம். இனி அந்தச் செல்வந்தர் 2025 ஜூலை மனுவின் நகலோடு வருவார். மாட்டேன் என்பதைப் போதகர் தன் சொந்தப் பெயரில் சொல்லியாக வேண்டும்.